பிளேஸ்டோவில் ஓர் அணிநடை

என் கணவருக்குச் சீன ராணுவத்தின்மீது காதல் வந்தது முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகுதான். அதற்கு முன் அவருக்கு அதற்கெல்லாம் நேரம் இருக்கவில்லை. முப்பது வருடமாக லண்டனில் பெற்றோல் ஷெட்டில் ஷிப்டுக்குமேல் ஷிப்ட் நின்றவர். வைத்தியர் காலை நீட்டி வைத்துக்கொண்டு ஓய்வெடுக்கச் சொன்னார். இவர் காலை நீட்டினார், கையில் போனை எடுத்தார். அன்றோடு போனது என் நிம்மதி.

முதலில் பாலங்களும் ரயில்களும்தான் வந்தன. சமையலறையில் நின்ற என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினார். பாலம்தானே, பார்த்துவிட்டுப் போவோம் என்று நானும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தேன். பிறகு பாலங்கள் குறைந்து மனிதர்கள் வரத் தொடங்கினார்கள். பச்சைப் புள்ளிச் சீருடையில் கண்ணுக்கு எட்டியவரை பிள்ளைகள். எல்லோருக்கும் ஒரே கை, ஒரே கால், ஒரே கழுத்து. சிப்பாய்கள் என்று நினைத்தேன். இல்லையாம், பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக வந்த மாணவர்களாம். பாடம் தொடங்குமுன் அவர்களை ராணுவத்தின் கையில் கொடுத்து நிமிர்த்தி எடுப்பார்களாம்.

“இஞ்ச பாரும்,” என்றார். “அங்க நாட்டுக்கே வாத்தியார் ஆமிதான். பக்டரிக்காரனுக்கும் சொல்லுறது ஆமியைப் பார் எண்டு. பள்ளிக்கூடத்துக்கும் சொல்லுறது ஆமியைப் பார் எண்டு. அதாலதான் அவங்கள் உந்த இடத்தில நிக்கிறாங்கள்.”

“நாங்களும் ஆமியைப் பாத்துத்தான் இந்த இடத்தில வந்து நிக்கிறம்,” என்றேன்.

அது அவருக்குப் பிடிக்கவில்லை. போனில் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

எங்கள் வீட்டில் முதலில் அகப்பட்டது சமையலறை அலுமாரி. ஒரு நாள் நான் வேலையால் வந்து பார்த்தால், தூள் ரின்களெல்லாம் உயரப்படி வரிசையாக நிற்கின்றன. எத்தனையோ வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டாலும் சீரகம் வரும். அன்று உப்பு வந்தது. வாசலில் செருப்புகள் எல்லாம் மூக்கை வெளியே நீட்டிக்கொண்டு சோடி சோடியாக நின்றன. பிறகு படுக்கையறைக்குப் போனார். சீனச் சிப்பாய்கள் தங்கள் போர்வையைச் செங்கல் மாதிரி மடித்து வைப்பதை எங்கோ பார்த்துவிட்டார். எங்களுடையது மலிவு விற்பனையில் வாங்கிய தடித்த போர்வை. அதை எப்படி மடித்தாலும் மூச்சு வாங்கிக்கொண்டு எழும்பியது. ஒப்பரேஷன் செய்த காலோடு அதன்மேல் ஏறி இருந்து அமத்திக்கொண்டிருந்த மனிதரைப் பார்த்து நான் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

எரிச்சலுக்குக் காரணம் இருக்கிறது. இவர் இருபது வயதில் ஊரில் சுற்றிவளைப்பில் அகப்பட்டவர். விடியும்போதே ஆமி வந்து ஆண்களையெல்லாம் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கொண்டுபோய் வரிசை வரிசையாக நிறுத்தியது. முகத்தை மூடிய ஒருவன் முன்னால் இருந்தான். அவன் தலையாட்டினால் அந்த ஆளைத் தனியே இழுத்துக்கொண்டு போவார்கள். தலையாட்டி என்றுதான் ஊரில் அவனுக்குப் பெயர். இவரோடு படித்த இரண்டு பேருக்கு அன்று தலை ஆடியது. இவருக்கு ஆடவில்லை. அடுத்த வருடமே வீட்டார் இவரை நாட்டைவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

இதை எனக்கு ஒரேயொரு தடவைதான் சொன்னார். கலியாணமான புதிதில், ஏன் இந்த மனிதர் இரவில் காற்சட்டையும் பெல்ட்டும் போட்டுக்கொண்டு படுக்கிறார் என்று நான் கேட்டபோது. “கதவைத் தட்டினா சாரத்தோட போகேலாதெல்லே,” என்றார். லண்டனில் யார் தட்டப்போகிறார்கள் என்று கேட்டேன். சாரம் கட்டிக்கொண்டு படுக்க அவருக்கு இரண்டு பிள்ளைகள் பிறக்க வேண்டியிருந்தது.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகாது என்பார்கள். எங்கள் வீட்டுப் பூனை அடுப்பையே தூக்கிக்கொண்டு வந்து ஹோலுக்குள் வைத்தது.

வீட்டோடு நின்றிருந்தால் நானும் பொறுத்திருப்பேன். ஆனால் இவர் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் செயலாளர். நான் அங்கே சிறுவர் வகுப்பு ரீச்சர். பிளேஸ்டோவில் ஒரு தேவாலய மண்டபத்தை வாடகைக்கு எடுத்து நடத்துகிறோம். வருடத்துக்கு ஒருமுறை பரிசளிப்பு விழா வரும். அதற்கான கூட்டத்தில் இவர் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

“இந்த முறை பிள்ளையளின்ர அணிநடை ஒண்டு வைப்பம்,” என்றார். “எங்கட பிள்ளையளுக்குத் தமிழ் வராததுக்குக் காரணம் தமிழ் இல்லை. ஒழுக்கம் இல்லாததுதான். சீனாக்காரனைப் பாருங்கோ. முதல்ல நிக்கப் பழக்கிறான். பேந்துதான் படிப்பு.”

ஒழுக்கம் என்ற சொல்லை ஒருவர் உச்சரித்துவிட்டால் எங்கள் ஆட்களுக்கு வேறு ஆதாரம் தேவையில்லை. தலைவருக்கு உடனே தன் கல்லூரி விளையாட்டுப் போட்டி ஞாபகம் வந்துவிட்டது. கொடி பிடித்துக்கொண்டு தன் இல்லத்து அணிக்கு முன்னால் நடந்தவர் அவர்தானாம். ஒரு தகப்பன் தன் மகன் காலையில் எழும்புவதே இல்லை என்றார். ஒரு தாய் தன் மகள் எதிர்த்துக் கதைக்கிறாள் என்றார். அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர், தங்கள் பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு சீருடைக்காரன் வந்து நிற்கக்கூடாது என்பதற்காகக் கடல் கடந்து வந்தவர்கள். எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

“பிள்ளையள் கிழமை முழுக்க இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில லைனில நிண்டுபோட்டுத்தான் இஞ்ச வருதுகள்,” என்றேன் நான். “இஞ்சையாவது இருந்து கதைக்கட்டும்.”

“ரீச்சர், அது வேற, இது வேற,” என்றார் என் கணவர். கூட்டத்தில் நான் அவருக்கு ரீச்சர்தான்.

செவிடன் காதில் ஊதிய சங்கு. ஏகமனதாக நிறைவேறியது என்று குறிப்பில் எழுதினார்கள். நான் கை தூக்கவே இல்லை.

என் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். தகப்பன் யாழ்ப்பாணம், தாய் சீனா. தகப்பன் ஆஸ்பத்திரியில் தாதி, சனிக்கிழமைகளில் அவருக்கு ஷிப்ட். அதனால் தாய்தான் வால்தம்ஸ்டோவிலிருந்து பஸ் மாறி மாறி அவளைக் கொண்டுவருவார். மற்றத் தாய்மார் பிள்ளைகளை இறக்கிவிட்டுக் கடைக்குப் போய்விடுவார்கள். இவர் வகுப்பின் பின்வரிசையில் குட்டிக் கதிரையொன்றில் முழங்கால் மடங்க இருந்து, அ, ஆ எழுதுவார். “காணும்”, அதாவது போதும், என்ற சொல்லை எங்கள் மண்டபத்தில்தான் பழகினார். நாங்கள் சாப்பாடு போடுகிற விதத்தில் அவருக்கு அதுதான் முதலில் தேவைப்பட்டது.

பிள்ளை கெட்டிக்காரி. எல்லாம் விளங்கும், எழுதுவாள். ஆனால் வாய் திறந்தால் ஒரு சொல்தான். “ஓம்.” “இல்லை.” “பூனை.” ஊரிலிருந்து அப்பப்பா வீடியோவில் கூப்பிட்டால் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாளாம். அந்த மனிதர் போனுக்கு முன்னால் பேத்தியின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போவாராம். “ஒரு முழு வசனம் அவள் பேசினால் போதும்,” என்று தாய் முதல் நாளே என்னிடம் ஆங்கிலத்தில் சொல்லியிருந்தார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். பொம்மை காட்டினேன், கதை சொன்னேன், வேண்டுமென்றே பிழை பிழையாகச் சொல்லித் திருத்தப் பார்த்தேன். அந்த வசனம் எனக்கும் வேண்டும் என்று ஆகிவிட்டது.

சீனாவில் பிறந்த ஒருவர் எங்கள் மண்டபத்திலேயே இருக்கிறார் என்பது என் கணவருக்கு எப்போது உறைத்ததோ தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை பெற்றோரின் போன் குழுவுக்கு நோட்டீஸ் ஒன்று வந்தது. பிரதம விருந்தினர் என்று போட்டு அந்தத் தாயின் படம். பொங்கல் விழாவில் சேலையோடு எடுத்தது. கீழே சிறப்புரை: ‘ராணுவ ஒழுக்கமும் சீனாவின் எழுச்சியும்’. அதற்கும் கீழே, அணிநடை ஆலோசகரும் அவரே. அதன் கீழே வரிசையாக எல்லோரும் கும்பிடும் கைப்படம் போட்டிருந்தார்கள்.

அவரை யாரும் கேட்கவில்லை. எங்கள் ஆட்கள் பிரதம விருந்தினரைக் கேட்பதில்லை, அறிவிப்பார்கள். மேடையும் மாலையும் பொன்னாடையும் கொடுக்கும்போது வேண்டாம் என்று சொல்ல உலகத்தில் ஒருவர் இருக்கக்கூடும் என்ற எண்ணமே அவர்களுக்கு வராது.

மறுநாள் மண்டபத்துச் சமையலறையில் நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்தத் தாய் வந்து போனை என் முன்னால் வைத்தார்.

“இதில் ஏன் என் படம் இருக்கிறது?”

வாசித்து ஆங்கிலத்தில் சொன்னேன். சொல்லச் சொல்ல என் முகம் எரிந்தது. அவர் முதலில் சிரித்தார். சிரித்து முடித்து, மீன் ரோல் ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, கடிக்காமல் நின்றார்.

“எங்கள் போர்வைக் கதை உங்களுக்குத் தெரியுமா?” என்றார்.

வீட்டில் நான் படும் பாடு தெரிந்துதான் கேட்கிறாரோ என்று நினைத்தேன். அவருக்குத் தெரியாது. பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது அவருக்கும் அந்தப் பயிற்சி இருந்ததாம். வெயிலில் நிற்பது, நடப்பது, திரும்புவது எல்லாம் பரவாயில்லையாம். போர்வைதான் பெரிய விஷயம். டோஃபுக் கட்டி மாதிரி வரவேண்டும். விளிம்புகளைத் தண்ணீர் தொட்டு நீவி, அடிமட்டம் வைத்து நேராக்கி, விரல் நோக நோக அமத்தவேண்டும். காலையில் அதற்கு நேரமே போதாது.

“அதனால் நாங்கள் அதை விரிக்கவே இல்லை,” என்றார். “மடித்ததைத் தூக்கி மெதுவாக மேசையில் வைப்போம். ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வெறும் மெத்தையில் படுப்போம். மலைப்பக்கம், இரவில் நல்ல குளிர். காலையில் எடுத்துத் திரும்பக் கட்டிலில் வைப்போம்.”

“பிடிபடவில்லையா?”

“யார் பிடிப்பது? எங்களுக்குப் பயிற்சி தந்த சிப்பாய்தான் அந்த வழியைச் சொல்லித் தந்தான். எங்கள் வயதுதான் இருக்கும். அவனும் அப்படித்தான் படுத்தான். அவனுடைய அதிகாரிக்கும் தெரியும். எங்கள் அறைக்கு முதல் பரிசு. மற்ற அறைப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் போர்வைகளைக் காட்டினார்கள். இதைப் பார்த்துப் படியுங்கள் என்றார்கள்.”

சின்ன வகுப்பில் ஒரு நல்ல சிப்பாயின் கதையும் படிப்பித்தார்களாம். யாருக்கும் தெரியாமல் மற்றவர்களின் சாக்ஸைத் துவைத்து வைத்தவன். வருடத்தில் ஒரு நாள் நாட்டுப் பிள்ளைகள் எல்லோரும் அவனைப் போல ஆகவேண்டும். அன்று இவருடைய வகுப்பு முதியோர் இல்லத்துக்குப் போயிருக்கிறது. இவர்களுக்கு முதலே வேறு பள்ளிக்கூடங்கள் வந்து போய்விட்டன. அங்கிருந்த கிழவரின் தலை இன்னும் ஈரமாக இருந்ததாம். இவர்களும் கழுவினார்களாம். ஆசிரியர் படம் எடுக்க வேண்டுமே.

“அந்தத் தாத்தா ஒன்றும் சொல்லவில்லை,” என்றார். “குனிந்து தந்தார். அவரும் பழகியிருந்தார்.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“என் அப்பாவும் ராணுவத்தில் இருந்தவர். சமையல்காரர். நல்ல மனிதர். நான் யாரையும் வெறுக்கவில்லை. ஆனால் எங்களுக்குச் சண்டை பிடிக்கவா சொல்லித் தந்தார்கள்? இல்லை. போர்வை பக்கத்தில் இருக்கக் குளிரில் படுக்கவும், அதைப் பற்றி ஒருவரும் பேசாமல் இருக்கவும் சொல்லித் தந்தார்கள். அதைத்தான் நாட்டுக்கு உதாரணம் என்றார்கள். என் மகள் காலையில் போர்வையை நிலத்தில் எறிந்துவிட்டுப் போகிறாள். தினமும் நான்தான் எடுத்து வைக்கிறேன். எனக்கு அதில் சந்தோஷம்.”

மேடையில் பேசமாட்டேன் என்று சொல்லிவிட்டார். கடைசியாக இன்னொன்றும் சொன்னார். அணிநடை கட்டாயம் என்றால் பிள்ளையை இனி சனிக்கிழமைகளில் நீச்சலுக்கு விடப்போவதாக. கோபமாகச் சொல்லவில்லை, பஸ் நேரம் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

“ஒரு கிழமை பொறுங்கள்,” என்றேன். எதை நம்பிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

வீட்டுக்குப் போகும் வழியில் காருக்குள் இவருக்குப் போர்வைக் கதையை முழுக்கச் சொன்னேன். இவருக்குக் கால் இன்னும் சரியாகாததால் நான்தான் ஓட்டுவது. ஒரு சொல் விடாமல் சொன்னேன். கேட்டுவிட்டு இவர் சீட்டில் நிமிர்ந்து இருந்தார்.

“பாத்தீரே!” என்றார். “எவ்வளவு அர்ப்பணிப்பு! குளிர்ல கிடந்தாலும் கிடப்பம், போர்வை குலையக்கூடாது. இதைத்தானே நான் சொல்லுறன். இதை அவ மேடையில சொன்னா எவ்வளவு நல்லாயிருக்கும்!”

காரை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி நடந்து போய்விடலாமா என்று யோசித்தேன்.

“இஞ்ச பாருங்கோ, போர்வை என்னத்துக்கு?” என்றேன்.

“என்ன கேள்வி இது?”

“போத்திக்கொண்டு படுக்க. வேற ஒண்டுக்கும் இல்லை. போத்தாத போர்வையைக் காட்டி நாடே இதைப் பாத்துப் படி எண்டா, அது ஒழுக்கமோ விசரோ?”

“உமக்கு விளங்காது.”

“எனக்கு நல்லா விளங்குது. சண்டை முடிஞ்சாப் பிறகு எங்கட ஊரில பல்கலைக்கழகம் போற பிள்ளையளை ஆமிக் காம்புக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தலைமைத்துவப் பயிற்சி எண்டு குடுத்தாங்கள். அண்டைக்கு இந்த வீட்டில நிண்டு குழறினது ஆர்? படிக்கிற பிள்ளைக்கு ஆமி என்னத்தைப் படிப்பிக்கிறது எண்டு சோத்துக் கோப்பையைத் தள்ளி வைச்சது ஆர்? ஆமி மரக்கறி விக்குது, கடை நடத்துது எண்டு ஊருக்குப் போன் எடுத்துக் கத்தினது ஆர்?”

“அது வேற, இது வேற.”

“என்ன வேற?”

“அது எங்களுக்குச் செய்தது. இது அவங்கள் தங்கட பிள்ளையளுக்குச் செய்யிறது.”

தான் பிடித்த முயலுக்கு மூன்று கால். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். ஆனால் மனதுக்குள் கேள்வி ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு நாட்டில் எத்தனை வகையான மனிதர் இருக்கிறார்கள். சந்தையில் மல்லுக்கட்டும் மீன்காரி இருக்கிறாள், சொன்ன நேரத்துக்கு வராத தச்சன் இருக்கிறான், பிள்ளைக்கு ஊட்டிவிட்டு மிச்சத்தைத் தின்னும் தாய் இருக்கிறாள். இவர்களைப் பார்த்துப் படி என்று ஓர் அரசும் சொல்வதில்லை. சிப்பாயைக் காட்டித்தான் சொல்கிறார்கள். சிப்பாய் கெட்டவன் என்பதல்ல. அவன் திருப்பிக் கேட்கமாட்டான். சனம் அப்படி இருந்தால் ஆள்வது எவ்வளவு சுகம். இது எனக்குப் வீட்டுக்குப் போகும் டிராபிக்கில் விளங்குகிறது, பக்கத்து சீட்டில் இருக்கிற மனிதருக்கு விளங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஒத்திகை. கதிரைகளையெல்லாம் சுவரோடு அடுக்கிவிட்டுப் பிள்ளைகளை உயரப்படி நிறுத்தினார்கள். எங்கள் வீட்டு ரின்கள்தான் எனக்கு ஞாபகம் வந்தன. என் கணவர் ஊன்றுகோலைக் கக்கத்துக்குள் இடுக்கிக்கொண்டு முன்னால் நின்றார். “நேரே பார்! இடது, வலது!” கூரை அதிர்ந்தது. கீழே கால்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் போயின. ஒரு பெடியன் பின்பக்கமாக நடந்தான். தலைவர் போனை உயர்த்தி எல்லாவற்றையும் வீடியோ எடுத்தார்.

அந்தத் தாய் வந்திருந்தார். கோட்டைக் கழற்றவில்லை, பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. கதவுக்குப் பக்கத்தில் நின்றார். பிள்ளை தானாகத்தான் வரிசைக்குப் போனாள். சிநேகிதிகள் நின்றதால் போயிருப்பாள். இன்று ஏதாவது மாறினால் உண்டு, இல்லாவிட்டால் அடுத்த கிழமை நீச்சல் என்று எனக்குத் தெரியும். என் கணவரிடம் போய்ச் சொல்லவும் முடியவில்லை, சும்மா நிற்கவும் முடியவில்லை.

நடை சரிவரவில்லை என்றதும் இவர் பரிசோதனை தொடங்கினார். நகம் வெட்டியிருக்கிறதா, சப்பாத்து துடைத்திருக்கிறதா என்று வரிசையின் ஒரு முனையிலிருந்து மெல்ல மெல்ல நடந்து வந்தார். முழங்கால் நோவதால் இன்னும் மெதுவாக. ஒவ்வொரு பிள்ளைக்கும் முன்னால் நின்றார், மேலிருந்து கீழ்வரை பார்த்தார், ஒன்றும் பேசாமல் அடுத்த பிள்ளைக்குப் போனார். மண்டபம் அமைதியாகிவிட்டது. பின்பக்கமாக நடந்த பெடியன்கூட விறைத்துப்போய் நின்றான். பெற்றோர் எல்லோருக்கும் பெருமை.

அந்தச் சிறுமிக்கு முன்னால் வந்து நின்றார். அவளுடைய சப்பாத்து லேஸ் அவிழ்ந்து கிடந்தது. முகத்தைப் பார்த்தார். பிறகு ஊன்றுகோலை எடுத்து அவளுடைய காலைக் காட்டினார்.

பிள்ளை கீழே பார்க்கவில்லை. நிமிர்ந்து இவருடைய முகத்தைத்தான் பார்த்தாள்.

“மாமா, நான் என்ன பிழை செய்தனான்?”

முழு வசனம். லண்டன் நாக்கில் கொஞ்சம் உருண்டுதான் வந்தது, ஆனால் ஒரு சொல் குறையவில்லை. எத்தனை சனிக்கிழமை நான் அதற்காகத் தவம் கிடந்திருப்பேன். எனக்குள் சந்தோஷம் எழும்பியது. எழும்பினதும் என் கணவரின் முகத்தைப் பார்த்தேன். சந்தோஷம் அப்படியே நின்றுவிட்டது.

இவருடைய ஊன்றுகோல் இன்னும் அவளுடைய காலை நோக்கியே இருந்தது. அதை ஏதோ வேறு யாருடைய கையிலோ இருப்பதுபோலப் பார்த்தார். பிறகு சுவரோரம் எறிந்தார். குனிந்து லேஸைக் கட்டப் பார்த்தார். முழங்கால் மடங்கவில்லை. மறுபடியும் முயன்றார். முடியவில்லை. அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டு அப்படியே பாதிக் குனிவில் நின்றார்.

“ஒண்டும் செய்யேல்லை பிள்ளை,” என்றார். “நீங்கள் ஒரு பிழையும் செய்யேல்லை. ஒண்டுமே செய்யேல்லை.”

ஒரு தடவை சொன்னால் போதும். திரும்பத் திரும்பச் சொன்னார். பிள்ளை பயந்துபோய் என்னைப் பார்த்தாள். நான் போய் லேஸைக் கட்டினேன். தாய் கதவடியிலிருந்து ஓடி வந்தார்.

“அவள் என்ன சொன்னாள்?” என்று கேட்டார். “நீளமாக ஏதோ சொன்னாள்தானே?”

ஆங்கிலத்தில் சொன்னேன். மகள் பேசிவிட்டாள் என்ற சிரிப்பு முதலில் வந்தது. என்ன பேசினாள் என்பது பிறகுதான் போய்ச் சேர்ந்தது. அவர் என் கணவரைப் பார்த்தார். ஏச வந்தவர் ஏசவில்லை. கதிரையொன்றை இழுத்து வந்து இவருக்குப் பின்னால் வைத்தார்.

“எல்லாரும் போய் இருங்கோ,” என்றார் இவர், பிள்ளைகளிடம். “போய்ச் சத்தம் போடுங்கோ.”

அணிநடை அதோடு நின்றது. தவிர்க்க முடியாத காரணங்களால் என்று புதிய நோட்டீஸில் போட்டார். மண்டபத்தில் இடம் காணாது என்று தலைவருக்குச் சொன்னார். தன் பிழை என்று யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை, என்னிடமும்தான். பரிசளிப்பு விழாவில் அந்தத் தாய்க்குப் பொன்னாடை மட்டும் போர்த்தினார்கள். போட்ட நோட்டீஸுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? பிள்ளை இப்போதும் வருகிறாள், இப்போது வாய் மூடுவதில்லை. ரின்கள் இன்னும் உயரப்படிதான் நிற்கின்றன. நான் இன்னும் சீரகத்துக்குப் பதில் உப்பைத்தான் எடுக்கிறேன். போனில் இன்னும் பாலங்கள் வருகின்றன. சீருடைகள் வந்தால் மட்டும் விரலால் தள்ளிவிடுகிறார்.

ஒத்திகை முடிந்து அந்தச் சனிக்கிழமை காரில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஏசுவதற்கு என்னிடம் ஒரு கிழமைக்குக் காணுமான அளவு சேர்ந்திருந்தது. எங்கே தொடங்கலாம் என்று சிவப்பு விளக்கில் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

“அண்டைக்கு அந்தக் கிறவுண்டில எத்தினை பேர் நிண்டனாங்கள்,” என்றார் இவர், கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி. “படிச்சவை, வாத்திமார், என்னைவிடப் பெரிய ஆக்கள். அந்தத் தலையாட்டிக்கு முன்னால போகேக்க, அவள் கேட்ட அந்தக் கேள்வியைக் கேக்க எங்களில ஒருத்தருக்கும் வாய் வரேல்லை.”

விளக்கு பச்சையானது. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.

“கேட்டவளுக்கு முன்னால நான் எந்த இடத்தில நிண்டனான் எண்டு பாத்தீரே,” என்றார்.

நான் சேர்த்து வைத்திருந்த ஏச்சையெல்லாம் அந்தச் சந்தியிலேயே விட்டேன். காரை எடுத்தேன்.